அந்த 1,176 தோல்விகள் யாருடைய கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் நல்ல பயிற்சியாளர்கள் ஆவதில்லை என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். கால்பந்து, கிரிக்கெட், டென்னிஸ் எல்லாம் முடிந்து இந்த வாரம் அமெரிக்க பேஸ்பாலுக்கு வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஃபிராங்க் ராபின்சனைப் பற்றி அதில் இருந்த மூன்றே வரிகளைப் படித்ததும் மனசு பொறுக்கவில்லை. மேனேஜராக 1,065 வெற்றி, 1,176 தோல்வி என்று போட்டுவிட்டு, மட்டையோடு ஜெயித்தவர் டக்கவுட்டில் (களத்தின் ஓரம் அணி உட்காரும் இடம்) தோற்றுப்போனார் என்று முடித்திருக்கிறீர்கள். எண்கள் இரண்டும் சரிதான். அவற்றை வைத்து எழுதிய தீர்ப்பைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் 1986-ல் கல்யாணமாகி மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரத்துக்கு வந்தவள். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நாங்கள் முதலில் குடியிருந்த வீடு 33-ஆம் தெருவுக்குப் பக்கத்தில், மெமோரியல் ஸ்டேடியத்துக்கு நடந்தே போகிற தூரம். சாயங்கால ஷிஃப்ட்டில் எங்கள் கூடத்தில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஜான் மில்லரின் வர்ணனையைக் கேட்டுத்தான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். புரியாததை எல்லாம் என்னோடு வேலை பார்த்த மூத்த கறுப்பின அம்மா ஒருவரிடம் கேட்பேன். அவர் பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்தவர். ராபின்சன் பெயரை எடுத்தாலே சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் வாசகர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் இல்லை. கிரிக்கெட்டில் கேப்டனும் பயிற்சியாளரும் பிரித்துக்கொள்ளும் வேலையை இங்கே இவர் ஒருவரே செய்கிறார். ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு டக்கவுட்டில் நிற்பார். ஒன்பது பேரின் பேட்டிங் வரிசையை எழுதுவது, பிட்ச்சர் (பந்து எறிபவர்) களைத்துவிட்டார் என்று கண்டு மாற்றுவது, யார் உட்கார வேண்டும் என்று சொல்வது எல்லாம் அவர்தான். ஒருமுறை வெளியே எடுத்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஆனால் எந்த ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு பணம் செலவழிப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. கொடுத்த ஆட்களை வைத்து ஆட வேண்டும்.

ராபின்சன் 1935 ஆகஸ்ட் 31-ல் டெக்சாஸின் போமான்ட் நகரில் பிறந்தவர். பத்துக் குழந்தைகளில் கடைசி. தாயோடு கலிஃபோர்னியா போய், மேற்கு ஓக்லண்டில் வளர்ந்தார். அங்கே மெக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்தில் அவரோடு சேர்ந்து ஆடியவர் பில் ரசல். பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸின் பெரிய நட்சத்திரம் ஆனவர். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ரசல், பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர் ராபின்சன், இருவரும் ஒரே பள்ளி அணியில் இருந்தவர்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

1953-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வருவதற்கு முன் தெற்கு கரோலினாவின் கொலம்பியாவில் சிறிய லீக்கில் ஆட வேண்டியிருந்தது. ஓக்லண்டில் எல்லாரோடும் கலந்து வளர்ந்த பையனுக்கு, தன் அணியோடு ஒரே ஹோட்டலில் தங்க முடியாத, ஒரே மேசையில் சாப்பிட முடியாத ஊர்கள் அங்கேதான் அறிமுகமாயின. அரங்கத்திலிருந்து என்னென்ன கத்துவார்கள் என்பதை நான் எழுத வேண்டாம். 1956-ல் இருபது வயதில் சின்சினாட்டியில் இறங்கினார். முதல் சீசனிலேயே 38 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து, களத்தின் நான்கு மூலைகளான பேஸ்களையும் சுற்றி வருவது), அறிமுக வீரர்களுக்கான அன்றைய சாதனைக்குச் சமம். மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டை ஒட்டி நின்று, தலையையும் தோளையும் பந்து வரும் பாதையில் நீட்டிக்கொண்டு ஆடுவார். பிட்ச்சர்கள் உடம்பைப் பார்த்து எறிவார்கள். அந்த வருஷமே 20 முறை பந்தால் அடி வாங்கினார். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, மறுபடியும் அதே இடத்தில்தான் நிற்பார். மேஜர் லீக்கில் தேசிய லீக், அமெரிக்க லீக் என்று இரண்டு பிரிவு உண்டு; 1961-ல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது.

அப்புறம் 1965 டிசம்பரில் அவரை பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மில்ட் பாப்பஸ் என்ற பிட்ச்சரையும் வேறு இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டு, வயது முப்பதானாலும் ஆள் அதற்கு மேல் தளர்ந்துவிட்டார் என்கிற மாதிரி சின்சினாட்டி உரிமையாளர் பில் டிவிட் காரணம் சொன்னார். 1966-ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும்: .316 பேட்டிங் சராசரி, 49 ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் 122. மூன்றிலும் அமெரிக்க லீக்கில் முதலிடம். ட்ரிபிள் கிரவுன் என்பார்கள். இரண்டு லீக்கிலும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய முதல் ஆள் அவர். ஷோஹே ஓடானி 2024-ல் வாங்கும் வரை அந்தப் பெருமை அவர் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. சாண்டி கோஃபாக்ஸ், டான் டிரிஸ்டேல் என்ற பெரிய பிட்ச்சர்கள் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை, இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸில் நான்குக்கு நான்கு வென்றார்கள். கடைசி ஆட்டம் 1-0, அந்த ஒரே ரன் ராபின்சனின் ஹோம் ரன். அதே வருஷம் மே மாதம் லூயிஸ் டியான்ட் எறிந்த பந்தை மெமோரியல் ஸ்டேடியத்தின் இடது பக்கம் மொத்தமாக வெளியே அடித்தார். பந்து தாண்டிப் போன இடத்தில் 'இங்கே' என்று எழுதிய கொடி ஒன்று பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதையை எனக்குச் சொன்ன அந்த அம்மா, கூடவே இன்னொன்றையும் சொல்வார். ஓரியோல்ஸுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையைக் கொண்டுவரப்போகிற மனிதருக்கு அந்த வசந்த காலத்தில் வீடு கிடைக்கவில்லை. ராபின்சன் என்ற பெயரைக் கேட்டு ஆர்வமாகப் பேசியவர்கள், அவருடைய மனைவி பார்பரா நேரில் வந்து நின்றதும் வீடு இல்லை என்றார்கள். அணியில் ஏற்கெனவே புரூக்ஸ் ராபின்சன் என்று ஒரு வெள்ளைக்கார நட்சத்திரம் இருந்தார், அந்தக் குழப்பம். அணி உரிமையாளர் தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது.

இதையெல்லாம் உங்கள் கட்டுரையாளரும் ஓரளவு எழுதியிருக்கிறார். அவர் தொடாமல் விட்டது, ராபின்சன் மேனேஜர் வேலையை எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதை. ஓரியோல்ஸ் ஜெயித்த நாட்களில் உடை மாற்றும் அறையில் ஒரு விளையாட்டு நீதிமன்றம் நடக்கும். ராபின்சன்தான் நீதிபதி, தரை துடைக்கும் மாப்பைத் தலையில் விக் மாதிரி கவிழ்த்துக்கொள்வார். தப்பான பேஸுக்கு எறிந்தவர், ஓட வேண்டிய நேரத்தில் நின்றவர் எல்லாருக்கும் சிறு அபராதம். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தாலும் ஒவ்வொருவர் ஆட்டத்திலும் இருந்த ஓட்டை எல்லாருக்கும் முன்னால் பேசப்பட்டுவிடும், யாருக்கும் மனம் புண்படாமல். ஒரு அணியை வழிநடத்தத் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும். சும்மா நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

1968-ல் ஏர்ல் வீவர் ஓரியோல்ஸின் மேனேஜரானார். அவர் குளிர்காலத்தில் பார்த்துவந்த புவெர்ட்டோ ரிக்கோவின் சான்டுர்சே அணி ராபின்சனிடம் வந்தது. அமெரிக்காவில் சீசன் முடிந்ததும் மற்ற நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கப் போவார்கள். இவர் சான் ஹுவானுக்குப் போய், இளைஞர்களை வைத்து அணி நடத்துவார். பல குளிர்காலங்கள் இப்படியே போயின. மேஜர் லீக்கில் எந்தக் கறுப்பினத்தவருக்கும் அந்த வேலை கொடுக்கப்படாத காலத்தில், ஒரு நாள் கேட்பார்கள், அப்போது அனுபவம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று தயாராகிக்கொண்டிருந்தார்.

கேட்டது யார் என்றால் ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15-ல் கறுப்பினத்தவரை மேஜர் லீக்கில் சேர்க்காத நிறத் தடையை உடைத்து டாட்ஜர்ஸுக்கு ஆடியவர். 1972 அக்டோபர் 15-ல் சின்சினாட்டியில் வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்துக்கு முன் அவரைக் கௌரவித்தார்கள். சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருந்த அவர், நன்றி சொல்லிவிட்டு, ஒரு கறுப்பு முகம் மேனேஜராக நிற்பதைப் பார்க்கும் நாளில்தான் இன்னும் மகிழ்வேன் என்று பொருள்பட அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். ஒன்பது நாளில் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1974 அக்டோபர் 3-ல்தான் கிளீவ்லண்ட் அணி ஃபிராங்க் ராபின்சனை மேனேஜராக அறிவித்தது. ஜாக்கி களம் இறங்கி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

1975 ஏப்ரல் 8. கிளீவ்லண்டின் பழைய முனிசிபல் ஸ்டேடியம், நல்ல குளிர், 56,000-க்கும் மேற்பட்ட கூட்டம். ஜாக்கியின் மனைவி ரேச்சல் ராபின்சன் முதல் பந்தை எறிந்தார். ராபின்சன் மேனேஜர் மட்டும் இல்லை, ஆட்டக்காரரும்கூட. பேட்டிங் வரிசையில் இரண்டாவதாகத் தன் பெயரைப் போட்டிருந்தார். முதல் இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமநிலையானால் கூடும்) நியூ யார்க் யாங்கீஸின் டாக் மெடிச் எறிந்த பந்தை இடது பக்கம் ஹோம் ரன் அடித்தார். 5-3 என்று கிளீவ்லண்ட் ஜெயித்தது. இந்தக் காட்சியை எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதினீர்கள். அதற்கு அப்புறம் அந்த இரண்டு வருஷம் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

அவர் கிளீவ்லண்டில் மேனேஜர் வேலையை ஏற்றபோது அவர் கணக்கில் 574 ஹோம் ரன்கள் இருந்தன. அறுநூறு கைக்கெட்டும் தூரம். மூவாயிரம் ஹிட் (பந்தை அடித்துவிட்டு பேஸை எட்டுவது) என்ற பெரிய எல்லையும் அப்படியே. பேட்டிங் வரிசையைத் தினமும் எழுதுபவர் அவரேதான். தன் பெயரை எழுதிக்கொண்டால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் 1975-ல் 49 ஆட்டங்களில் மட்டும் இறங்கினார், 1976-ல் 36. தோள் வலியும் இருந்தது, வயதும் ஆகியிருந்தது. அந்த இடத்தில் இளையவர்களை ஆடவிட்டார். 586 ஹோம் ரன், 2,943 ஹிட் என்று அவருடைய கணக்கு நின்றுபோனது. மூவாயிரத்துக்கு 57 பாக்கி. உங்கள் தொடரின் கேள்வியே, தன்னை மறந்து அணியைப் பார்க்கப் பெரிய ஆட்டக்காரருக்குத் தெரியுமா என்பதுதானே? இதைவிடத் தெளிவான பதில் எந்த விளையாட்டில் கிடைக்கும்?

அந்த இரண்டு வருஷமும் சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கேய்லார்ட் பெர்ரி என்ற நட்சத்திர பிட்ச்சர், ராபின்சனுக்குத் தருவதைவிட ஒரு டாலராவது கூடத் தனக்கு வேண்டும் என்று 1974-லேயே பேசியிருந்தார். 1975 ஜூனில் பெர்ரி டெக்சாஸுக்கு மாற்றப்பட்டார். ராபின்சனுக்குக் கோபமும் அதிகம்தான். தன்னைப் போல உயிரைக் கொடுத்து ஆடாதவர்களை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை, அது ஒரு குறையே. ஆனால் பெர்ரி விட்டுப்போன அதே கிளீவ்லண்ட் அணியில் டென்னிஸ் எக்கர்ஸ்லி என்ற இருபது வயது பிட்ச்சரை நம்பி இறக்கியதும் அவர்தான். எக்கர்ஸ்லி பின்னாளில் பேஸ்பாலின் மிகப் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். 1976-ல் 81 வெற்றி, 78 தோல்வி. 1968-க்குப் பிறகு கிளீவ்லண்ட் தோல்வியைவிட அதிக வெற்றி பெற்ற முதல் சீசன் அது. 1977 ஜூனில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸ் அணிக்கு 1981-ல் போனார். தேசிய லீக்கிலும் அவரே முதல் கறுப்பின மேனேஜர். 1982-ல் 87 வெற்றியோடு, முதலிடத்துக்கு இரண்டே ஆட்டம் பின்னால் முடித்தார். கடைசி நாளில் ஜயன்ட்ஸின் ஜோ மோர்கன் அடித்த ஹோம் ரன் டாட்ஜர்ஸின் வாய்ப்பைக் கெடுத்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுவார்கள். 1984 ஆகஸ்ட்டில் அங்கிருந்தும் வெளியே.

அதற்கடுத்த சில வருஷங்களைத்தான் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஜாக்கி ராபின்சன் களம் இறங்கிய நாற்பதாம் ஆண்டான 1987-ல் சீசன் தொடங்கியபோது மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின மேனேஜர்கூட இல்லை. அந்த ஏப்ரலில் டாட்ஜர்ஸின் பெரிய அதிகாரி அல் கம்பானிஸ், தொலைக்காட்சியில் நாடே பார்க்க, கறுப்பினத்தவர்களுக்கு மேனேஜராவதற்கான சில தேவையான தகுதிகள் இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னார். வேலை போயிற்று. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதை எத்தனை அணி அலுவலகங்கள் சொல்லாமலே நடைமுறையில் வைத்திருந்தன என்பதற்கு அந்த வருஷப் பட்டியலே சாட்சி. ராபின்சன் தோற்றால் அது ராபின்சனின் தோல்வியாக மட்டும் நிற்காது. அடுத்தவருக்குக் கதவைச் சாத்துவதற்குக் காரணமாகவும் காட்டப்படும். இந்தச் சுமை எந்த வெள்ளை மேனேஜருக்கும் இருந்ததில்லை.

இப்போது நான் என் கண்ணால் பார்த்ததற்கு வருகிறேன். 1988 ஏப்ரல். ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்றது. மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை எடுத்துவிட்டு, அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ராபின்சனை இறக்கினார்கள். யோசித்துப் பாருங்கள்: நீக்கப்பட்டவரின் இரண்டு மகன்கள், கால் ஜூனியரும் பில்லும், அதே அணியில் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பனாரின் நாற்காலியில் இவர் போய் உட்கார வேண்டும். அதற்கப்புறம் இன்னும் பதினைந்து ஆட்டம் வரிசையாகத் தோல்வி. 0-21. ஒரு சீசனை இப்படித் தொடங்கிய அணி மேஜர் லீக் வரலாற்றில் வேறு கிடையாது. அணி ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு நகரமாட்டேன் என்று பாப் ரிவர்ஸ் என்கிற உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். ஜனாதிபதி ரேகன்கூட ராபின்சனுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். ஏப்ரல் 29-ல் சிகாகோவில் 9-0 என்று ஜெயித்தபோது எங்கள் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் கைதட்டினோம்.

அந்த நாட்களில் ராபின்சன் எப்படி இருந்தார் என்று கேட்டால், தினமும் ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் முன் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். ஆட்டக்காரர்கள் மேல் பழி போடவில்லை. கோபக்காரர் என்று பெயரெடுத்தவர் அந்த ஏப்ரல் முழுக்கக் காட்டிய பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மே 2-ஆம் தேதி அணி ஊர் திரும்பியது. ஒரு வெற்றி, 23 தோல்வி என்று இருந்த அணியைப் பார்க்க 50,402 பேர் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தோம். நானும் என் கணவரும் மேல் வரிசையில், அந்த அம்மா குடும்பத்தோடு எங்களுக்குப் பக்கத்தில். பேட்டிங் வரிசை அட்டையைக் கொடுக்க ராபின்சன் டக்கவுட்டிலிருந்து படியேறி வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. டெக்சாஸை 9-4 என்று வென்றார்கள். புது ஸ்டேடியம் கட்டப்போகிறோம், அணி இந்த ஊரிலேயே இருக்கும் என்ற அறிவிப்பும் அன்றைக்குத்தான் வந்தது. அந்த வருஷம் மொத்தம் 54 வெற்றி, 107 தோல்வி. அதில் 101 தோல்வி ராபின்சன் கணக்கில். உங்கள் 1,176-ல் இவையும் இருக்கின்றன.

சீசன் நடுவிலும் முடிவிலும் மைக் பாடிக்கர், ஃபிரெட் லின், எடி மர்ரே எல்லாரையும் நிர்வாகம் விற்றுவிட்டது. 1989-ல் ராபின்சன் கையில் இருந்தது பாதிக்குப் பாதி பேர் தெரியாத இளைஞர்கள். முதல் ஆட்டத்திலேயே பாஸ்டனின் ரோஜர் கிளெமன்ஸ் பந்தில் கால் ரிப்கன் ஜூனியர் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, பதினொன்றாவது இன்னிங்ஸில் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் கோடை முழுவதும் முதலிடம். கிரெக் ஆல்சன் என்ற புதுப் பையனைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று வைத்துக்கொண்டார். ஏன் முடியாது என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு ஊரே திரிந்தது.

செப்டம்பர் கடைசி. டொரான்டோவில் மூன்று ஆட்டங்கள், ஒரே ஒரு ஆட்டம்தான் பின்னால். எதிர் அணியின் மேனேஜர் சிட்டோ காஸ்டன், அவரும் கறுப்பினத்தவர், அந்த மே மாதம் பொறுப்பேற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் தொலைக்காட்சியில் தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட வேலையில், பிரிவுப் பட்டத்துக்காக மோதிய இரண்டு அணிகளையும் கறுப்பின மேனேஜர்கள்தான் நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை எட்டாவது இன்னிங்ஸில் ஆல்சனின் பந்து ஒன்று, மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்ச்சரைத் தாண்டிப் போய் சமநிலை ஆனது. பதினொன்றாவது இன்னிங்ஸில் தோல்வி. சனிக்கிழமை எறிய வேண்டிய பீட் ஹார்னிஷ் முந்தின இரவு ஆணியை மிதித்துவிட்டார். அவருக்குப் பதில் டேவ் ஜான்சன் என்ற உள்ளூர்க்காரரை ராபின்சன் இறக்கினார், டிரக் ஓட்டிப் பிழைத்த மனிதர். எட்டாவது இன்னிங்ஸ் வரை முன்னிலையில் வைத்திருந்தார். கடைசியில் 4-3 என்று போயிற்று. 87 வெற்றி, 75 தோல்வி. இரண்டு ஆட்டம் பின்னால் இரண்டாமிடம். முந்தின வருஷத்தைவிட 33 வெற்றி அதிகம். அமெரிக்க லீக்கின் சிறந்த மேனேஜர் விருது அந்த வருஷம் ராபின்சனுக்குத்தான் வந்தது. உங்கள் மூன்று வரியில் இந்த விருதே இல்லை, ஐயா.

1991 மே மாதம் அங்கேயும் மாற்றிவிட்டார்கள். பிறகு லீக் அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, 2002-ல் மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு அனுப்பினார்கள். இது எப்படிப்பட்ட அணி என்றால், கலைத்துவிடுவதாகவே இருந்தார்கள்; லீக்கே அதை வாங்கி வைத்திருந்தது. அதாவது எதிர்த்து ஆடும் 29 அணிகளின் முதலாளிகள்தான் இவர்களுக்கும் முதலாளிகள். 2001-ல் 68 மட்டுமே வென்ற அணி, ராபின்சன் வந்ததும் 83. அடுத்த வருஷமும் 83. அந்த 2003-ல் சொந்த ஊர் ஆட்டங்களில் 22-ஐ சான் ஹுவானில் போய் ஆட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பிளே-ஆஃப் (சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்று) வாய்ப்புக்கான போட்டியில் சமமாக நின்றபோது, செப்டம்பரில் மற்ற எல்லா அணிகளும் செய்வதுபோல் இளைஞர்களைக் கூடுதலாக அழைக்க இவர்களுக்குப் பணம் தரவில்லை. 2005-ல் அணி வாஷிங்டனுக்குப் போய் நேஷனல்ஸ் ஆனது. ஜூலை தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்து, 81-81 என்று முடித்தது. அந்தக் கோடையில் எதிரணி பிட்ச்சரின் கையுறையில் விதிக்குப் புறம்பான பிசின் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லி, எதிரணி மேனேஜர் மைக் சோசியாவோடு முகத்துக்கு முகம் நின்றபோது ராபின்சனுக்கு வயது 69.

கோபத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் 2006 மே 25-ஐயும் சொல்ல வேண்டும். அன்று வழக்கமான கேட்ச்சர் ஆட முடியாமல், மாட் லெக்ராய் என்பவரைக் கேட்ச்சராக இறக்கினார். ஹூஸ்டன்காரர்கள் அவர் கைப் பலவீனத்தைப் பார்த்து ஏழு பேஸ் திருடினார்கள், அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டார்கள். லெக்ராயின் எறிதலில் இரண்டு பிழை. ஏழாவது இன்னிங்ஸின் நடுவிலேயே ராபின்சன் அவரை வெளியே எடுத்தார். இன்னிங்ஸ் நடுவில் கேட்ச்சரை மாற்றுவது பெரிய அவமானமாகக் கருதப்படும், அதுவும் இத்தனை பேர் பார்க்க. ஆட்டத்தை ஜெயித்தார்கள். அப்புறம் நிருபர்கள் முன் பேச வந்தவர், லெக்ராயின் பெயரைச் சொன்னதும் அழுதுவிட்டார். எழுபது வயது, 586 ஹோம் ரன் அடித்த மனிதர், மாற்று ஆட்டக்காரர் ஒருவருக்காக. தன் அப்பா மேனேஜராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார் என்ற பொருளில் லெக்ராய் பேசினார். மென்மை இல்லாத நட்சத்திரம் என்று உங்கள் கட்டுரை சொல்வது இந்த மனிதரையா?

நான்கு அணிகளையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். கிளீவ்லண்ட் அவருக்கு முந்தின வருஷம் 77 வெற்றி, 85 தோல்வி. ஜயன்ட்ஸ் 75-86. ஓரியோல்ஸ் 67-95. எக்ஸ்போஸ் 68-94. ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு அணியை அவரிடம் யாரும் கொடுத்ததே இல்லை. இந்த நான்குமே அவர் கையில் குறைந்தது ஒரு சீசனாவது தோல்வியைவிட அதிக வெற்றியோடு முடித்தன. மேனேஜரை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இருந்தால் கட்டுரையாளர் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

ராபின்சன் 2019 பிப்ரவரி 7-ல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார், வயது 83. சின்சினாட்டி, பால்டிமோர், கிளீவ்லண்ட் மூன்று ஊர்களிலும் அவருக்குச் சிலை இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒன்று, இணையப் பதிப்பில் அந்த மூன்று வரிகளோடு 1989 விருதையும், அந்த நான்கு அணிகளின் முந்தின வருஷக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, அடுத்த வாரம் பேஸ்பாலின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் டொரான்டோவுக்கு 1992, 1993 இரண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் வென்று தந்த சிட்டோ காஸ்டன் கட்டாயம் வருவார் என்று நம்புகிறேன். அவரைப் பற்றி எழுதும்போது 1989 செப்டம்பர் கடைசி வாரத்தில் எதிர் டக்கவுட்டில் நின்றவர் யார் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பால்டிமோர், மேரிலாந்து